அளவீட்டு மையத்தின் பூஜ்ஜியம்

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் வெள்ளைக் கோப்பை. அவளுக்கும் வெள்ளைக் கோப்பைதான். ஆனால் அவளுடைய கோப்பையின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருக்கும். மற்ற கோப்பைகள் கழுவியபின் தட்டில் ஒன்றாகக் கவிழ்ந்து கிடக்கும். அவளுடையது மட்டும் ஜன்னலோரத்தில் தனியாகக் காற்று வாங்கும். அதற்கு நேர் மேலே, மையமே அச்சடித்த சுவரொட்டி ஒன்று தொங்கியது: 'ஒரே கோப்பையில் குடிப்பதால் எச்.ஐ.வி. பரவாது.' ஆணி அடிக்க அந்த இடம்தான் தோதாக இருந்ததாம்.

அலுவலகத்தின் பெயர் களங்கம் மற்றும் பாகுபாடு அளவீட்டு மையம். பெயர்ப்பலகை வாசலைவிட அகலம். எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறவர்களை இந்த ஊர் எவ்வளவு ஒதுக்குகிறது என்று ஐம்பத்து நான்கு கேள்விகள் கேட்டு, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு மேலிடத்துக்கு அனுப்புவது இதன் வேலை. அங்கே வேலை செய்பவர்களில் ஒருவராவது அந்த வாழ்க்கையை வாழ்கிறவராக இருக்க வேண்டும் என்று விதி. அந்த ஒருவர் அவள். பதவியின் பெயர் வாழ்வனுபவப் பணியாளர். அவ்வளவு நீளத்தை யார் தினமும் வாயில் போட்டு மெல்வது என்று, 'அனுபவம்' என்று சுருக்கிவிட்டார்கள்.

"அனுபவம் வந்தாச்சா?"

"இந்த ஃபைல அனுபவத்துகிட்ட குடு. கையில குடுக்க வேணாம், மேசையில வெச்சிடு."

"இன்னைக்கு அனுபவம் லீவா? அப்ப ஜன்னல சாத்திக்கலாம்."

முப்பத்தாறு வயது. அதற்குமுன் பதினாலு வருஷம் பள்ளிச் சீருடை தைத்தவள். கணவன் போனபிறகு அக்கா வீட்டில் இருக்கிறாள். ஆறு வருஷமாக ஒரு நாள் தவறாமல் மாத்திரை. ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று பரிசோதனைக் காகிதம் சொல்கிறது. கருவிக்கே தெரியாத அந்தக் கிருமி, அலுவலகத்தில் மட்டும் அத்தனை பேர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிந்தது.

அவள் தையலை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் ஒரு பல்.

இடது பக்கம், கீழ்வரிசை, கடைசிக்கு முந்தின பல். மூன்று மாதமாகக் குடைந்துகொண்டிருந்தது. அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு ஒன்பது தடவை போனாள். ஒவ்வொரு தடவையும் வாசலில் இருக்கும் உதவியாளர் அவளுடைய சீட்டை மட்டும் அடுக்கின் அடியில் செருகுவார். "கடைசியா வாங்கம்மா. உங்களப் பாத்துட்டு அதே சாமான்ல இன்னொருத்தர எப்படிப் பாக்கறது?" என்பார். எல்லோரையும் பார்த்த சாமானையும்தான் மூலையில் ஒரு யந்திரம் புஸ் புஸ்ஸென்று ஆவியில் வேகவைத்துக்கொண்டிருந்தது. அதை அவர் காது கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு மணிக்குக் கதவு சாத்துவார்கள். கடைசி ஆள் முறை வருவதற்குள் ஒரு மணி வந்துவிடும். ஒன்பது தடவையும் அப்படித்தான்.

பத்தாவது தடவை போவதற்குமுன் இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. நேர்காணலில் இயக்குநர் ஒரு விஷயம் சொன்னார்.

"நம்ம ஊரு மார்க்கு நாப்பதத் தாண்டிச்சுன்னா மேலிடத்துலருந்து ஆர்டர் வரும்மா. எந்த ஆஸ்பத்திரியிலயும் உங்க ஆளுங்களத் திருப்பி அனுப்பக் கூடாது, கடைசியில நிக்க வைக்கக் கூடாது. மீறினா வேலை போயிடும்."

அவளுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. நாற்பது என்ற எண் மட்டும் அந்தப் பல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கே சேர்ந்துவிட்டாள்.

நாலு மாதம் அலைந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரைப் பார்த்தாள். பேருந்து நிலையத்தின் பின்பக்கம், பூங்காவின் கடைசி பெஞ்சு, ஒரு சலவைக்கடையின் உள்ளறை என்று யார் எங்கே பேசச் சம்மதித்தார்களோ அங்கெல்லாம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். தட்டைத் தனியாக வைக்கிறார்களா, துணியைத் தனியாகத் துவைக்கிறார்களா, பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போகிறார்களா என்று கேட்டாள். லாரி ஓட்டுகிறவர் ஒருவர், "என் பொண்ணு கல்யாணப் பத்திரிகைய எனக்குத் தபால்ல அனுப்புனாங்கம்மா. நானும் அதே வீட்லதான் மாடியில இருக்கேன்" என்றார். அதற்கு எந்தக் கேள்வி எண் என்று தெரியாமல் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவளால் சாப்பிட முடியவில்லை. பல்வலி என்று அக்காவிடம் சொன்னாள்.

தாள்களை எல்லாம் கூட்டிக் கழிக்கிறவருக்குத் தசமம் என்று பெயர் வைத்திருந்தார்கள். புள்ளி வைக்காமல் அவருக்கு எண்ணே சொல்ல வராது. "மணி பதினொன்னே கால்" என்று யாராவது சொன்னால் "பதினொன்னு புள்ளி ரெண்டு அஞ்சு" என்று திருத்துவார். மோசமான மனிதர் இல்லை. அவளைப் பார்த்தால் ஒரு மீட்டர் தள்ளி நின்று மரியாதையாகச் சிரிப்பார். ஒரு நாள் அவர் கூட்டி முடித்து அறிவித்தார்.

"அறுபத்தொன்னு புள்ளி நாலு."

அவள் கணினிக்குப் பின்னால் குனிந்து, யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊர் தங்களை இவ்வளவு கேவலமாக நடத்துகிறது என்று தெரிந்து சந்தோஷப்படுகிற நிலைமை வேறு யாருக்கு வரும்? அவளுக்கு வந்தது. அன்று வீட்டுக்குப் போய் அக்காவிடம், "இன்னும் ஒரே மாசம். ஆர்டர் வந்துரும்" என்றாள். அக்கா, "மொதல்ல அந்தக் கன்னத்துக்கு உப்புத்தண்ணி கொப்புளி" என்றாள்.

ஆர்டர் வரவில்லை. கடிதம் வந்தது.

பூஜ்ஜியம் இல்லாத அளவுகோல் செல்லாது என்று மேலிடத்து நிபுணர்கள் கண்டுபிடித்துவிட்டார்களாம். தராசுக்கு ஒரு பூஜ்ஜியம் உண்டு, வெப்பமானிக்கு உண்டு, பாகுபாட்டுக்கு எங்கே? ஆகவே ஒவ்வொரு மையமும் பதினைந்து நாளுக்குள் தன் ஊரில் பாகுபாடே இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதே ஐம்பத்து நான்கு கேள்விகளை அங்கேயும் நிரப்பி, அதையே பூஜ்ஜியம் என்று கொண்டு ஊரின் மதிப்பெண்ணைத் திருத்தி அனுப்ப வேண்டும்.

இயக்குநர் கூட்டம் போட்டார். அவருக்குக் கூட்டம் என்றால் பேச வேண்டும், பேச ஆரம்பித்தால் நிறுத்துகிற இடம் அவருக்கே தெரியாது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பாகுபாட்ட அளக்கிற எடத்துல பாகுபாடு இருக்குமா? நம்ம ஆபீஸ்தான் பூஜ்ஜியம். நான் வெளிப்படையாச் சொல்றேன், நம்ம அனுபவத்துக்கு நான் கை குடுத்திருக்கேன். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு. போட்டோகூட இருக்கு. அப்புறம் கை கழுவினேன், அது யாரு கை குடுத்தாலும் கழுவறதுதான், அன்னைக்குக் கொஞ்சம் கூட நேரம் ஆச்சு. அவங்களுக்குன்னு தனிக் கப்பு, தனி நாற்காலி. எனக்கே தனி நாற்காலி கெடையாது, கான்ஃபரன்ஸ்ல எல்லாரும் உக்கார்றதுலதான் உக்கார்றேன். இவ்வளவு சலுகை எந்த ஆபீஸ்ல கெடைக்கும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். தாளை நிரப்பும் பொறுப்பு விதிப்படி வாழ்வனுபவப் பணியாளருக்கு வந்தது.

இரண்டு நாள் அந்தத் தாள் அவள் பையிலேயே இருந்தது. ஐம்பத்து நான்குக்கும் 'இல்லை' என்று போட்டால் இயக்குநர் மகிழ்வார். ஆனால் தேடிப்போய்ப் பார்த்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம், "உள்ளத உள்ளபடி சொல்லுங்க, பயப்படாதீங்க" என்று சொன்னது இதே வாய். மூன்றாம் நாள் உட்கார்ந்து எழுதிவிட்டாள். தனிக் கோப்பை உண்டா? ஆம். தனி இருக்கை? ஆம். நீங்கள் வந்தால் ஜன்னல் திறக்கிறார்களா? ஆம். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் வேறு பெயர் வைத்திருக்கிறார்களா? ஆம். பொருள்களைக் கையில் கொடுப்பதைத் தவிர்க்கிறார்களா? ஆம். எண்ணிப் பார்த்தாள், முப்பத்தொன்பது ஆம்.

வேலை போகும் என்று தயாராகத்தான் போனாள். எங்கே போனாலும் தையல் யந்திரம் இருக்கிறது.

இயக்குநர் தாளை முழுவதும் படித்தார். நிமிர்ந்தார். முகத்தில் கோபமே இல்லை.

"அருமையா நெரப்பியிருக்கீங்கம்மா. ஒரு கேள்வி விடல."

"சார், முப்பத்தொம்பது எடத்துல ஆம்னு போட்டிருக்கேன்."

"பாத்தேனே."

"அப்ப நம்ம ஆபீஸ் பூஜ்ஜியம் இல்லையே சார்."

இயக்குநர் தசமத்தைப் பார்த்தார். தசமம் ஒரு மீட்டர் தள்ளி நின்று, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக விளக்கினார்.

"நீங்க தலைகீழாப் பாக்கறீங்க. இந்த எடம் பூஜ்ஜியம்னு ஏற்கெனவே முடிவாயிடுச்சு. பூஜ்ஜியத்துல என்ன இருக்கோ அதெல்லாம் பூஜ்ஜியம். இங்க தனிக் கப்பு இருக்கு. அப்படின்னா தனிக் கப்பு பாகுபாடு இல்ல. ஊர்ல எவனாவது தனிக் கப்பு வெச்சிருந்தா அதையும் கழிச்சிடணும். நீங்க மட்டும் எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டிருந்தீங்கன்னா எனக்குக் கழிக்க ஒன்னுமே இருந்திருக்காது. நேர்மையா எழுதினதுக்கு ரொம்ப நன்றி."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. தன் தனி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வாய்விட்டுச் சொன்னதை, அவள் கையாலேயே எழுதிய ஒரு தாள் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது. தட்டு போயிற்று, துணி போயிற்று, எழுந்து போகிற பக்கத்து ஆள் போனான். லாரிக்காரரின் கல்யாணப் பத்திரிகை ஓரத்தில் எழுதியதால் கணக்கிலேயே வரவில்லை. மருத்துவமனையில் கடைசி ஆளாக நிற்க வைப்பதும் போயிற்று, ஏனென்றால் இங்கே கழிப்பறைக்கு அவள்தான் கடைசி ஆள்.

சாயங்காலத்துக்குள் தசமம் கூட்டி முடித்தார். "ஏழு புள்ளி ரெண்டு."

இயக்குநர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அவளுக்கும் ஒன்று, காகிதத்தில் சுற்றி, மேசைமேல் வைத்தார். பல்வலியில் அதைச் சாப்பிடவும் முடியவில்லை.

அடுத்த வாரம் பூஜ்ஜியத்தைச் சரிபார்க்கக் குழு வந்தது. மேலிடத்து அதிகாரி ஒருவர். ஊர் மருத்துவமனையின் சார்பில் பல் டாக்டர். ஆம், அவள் ஒன்பது தடவை போய்த் திரும்பிய அதே பல் பிரிவின் டாக்டர்தான். மையத்தின் ஆலோசனைக் குழுவில் அவர் உறுப்பினர். ஏற்கெனவே மூன்று கூட்டத்துக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். அவளை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கடைசி ஆளை அவர் எங்கே பார்த்தார்?

இயக்குநருக்குக் காலையிலேயே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. தாளில் தனிக் கோப்பை இருப்பது வேறு, அதிகாரியின் கண்ணில் சிவப்புப் பொட்டு படுவது வேறு. தேநீர் போடுகிற அண்ணனைக் கூப்பிட்டுப் பொட்டை அழித்து, எல்லாக் கோப்பையையும் ஒன்றாக வைக்கச் சொன்னார். அண்ணனும் கம்பி நார் போட்டுத் தேய்த்து, கலந்து, ஒரே தட்டில் எட்டுக் கோப்பை தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

இயக்குநர் கோப்பையை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனவர் நின்றுவிட்டார். மெதுவாகக் கோப்பையைத் தூக்கி அடியைப் பார்த்தார். வெள்ளை. தசமத்தின் கோப்பையைப் பார்த்தார். அதுவும் வெள்ளை. தசமம் உதட்டை அசைத்தபடி எட்டில் ஒன்று, புள்ளி ஒன்று இரண்டு ஐந்து என்று கணக்குப் போட்டது அவளுக்குக் கேட்டது. விஷயம் மேசையைச் சுற்றிக் காதோடு காதாகப் பரவி டாக்டரிடம் போய், அதிகாரியிடம் போய் முடிந்தது. ஒவ்வொருவராகக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். ஒருவருக்குச் சர்க்கரை ஆகாது. ஒருவர் இப்போதுதான் குடித்துவிட்டு வந்தாராம். டாக்டருக்கு வெறும் வயிறு, அதிகாரிக்கு நிறைந்த வயிறு.

தேநீர் ஆறியது. மேலே ஏடு படிந்தது. அவள் மட்டும் தன் முன்னால் இருந்ததை எடுத்து வலப்பக்கமாக ஒதுக்கி ஒதுக்கிக் குடித்து முடித்தாள்.

அதிகாரி தன் குறிப்பேட்டைத் திறந்தார். "வாழ்வனுபவப் பணியாளருக்குத் தேநீர் மறுக்கப்பட்டதா? இல்லை. மற்றவர்களுக்கு அவரைவிட அதிகமாகக் கிடைத்ததா? இல்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "சுத்தமான பூஜ்ஜியம் சார். இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பாத்ததில்ல."

குழு போனபிறகு அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை, அலுப்பாக இருந்தது. எழுந்து வீட்டுக்குப் போகக்கூட அலுப்பு. அண்ணன் ஏழு கோப்பைத் தேநீரையும் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். கொட்டக் கொட்ட அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

"என்ன அண்ணே?"

"உங்கிட்ட மட்டும் சொல்றேன் தங்கச்சி. யார்கிட்டயும் சொல்லிடாத. அந்தப் பொட்டு இருக்கே, அது வாரம் ஒருதரம் தேஞ்சு போயிரும். கழுவிக் கவுத்தபின்னாடி எது உன் கப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்? கைக்கு வந்ததுல புதுசா ஒரு பொட்டு வெச்சிருவேன். நீ வந்ததுலருந்து இதான் நடக்குது. இந்த ஆபீஸ்ல உன் வாய் படாத கப்பே கெடையாது."

அவள் அவரைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். சிரித்ததில் பல் சுரீரென்று இழுத்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள்.

மறுநாள் பல் பிரிவுக்குப் போனாள். பத்தாவது தடவை. அங்கே பெஞ்சுக்கு மேலே புத்தம் புதிதாகச் சட்டம் போட்ட சான்றிதழ் தொங்கியது. 'இவ்வூரின் பாகுபாடு 7.2. மிகக் குறைவு.' கீழே கையொப்பமிட்டவர்களில் வாழ்வனுபவப் பணியாளரும் ஒருவர். உதவியாளர் அவள் சீட்டை வாங்கி அடுக்கின் அடியில் செருகினார். அவள் தன் கையெழுத்துக்குக் கீழேயே உட்கார்ந்து காத்திருந்தாள்.

ஒரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம். எல்லோரும் போயாயிற்று. உதவியாளர் கதவைச் சாத்த வந்தார். அவள் அவரைத் தாண்டி உள்ளே போய், சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றார். நாலடி தள்ளி நின்றே கேட்டார். "டயம் ஆயிடுச்சேம்மா. வலி எவ்வளவு இருக்கு? பூஜ்ஜியத்துலருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க, பாத்து நாளைக்கு வெச்சுக்கலாம்."

"பூஜ்ஜியத்த எங்க வெச்சிருக்கீங்க டாக்டர்? அத மொதல்ல சொல்லுங்க. அப்பதான் என்னால நம்பர் சொல்ல முடியும்."

டாக்டர் குழாயை மூடினார். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட அவளிடம் தெம்பும் இல்லை.

"எங்க ஆபீஸுக்கு மூணு தடவை வந்து டீ குடிச்சிருக்கீங்க. எந்தக் கப்புல குடிச்சீங்கன்னு டீ போட்டவருக்கே தெரியாது. நான் குடிச்ச கப்பாவும் இருக்கும். நல்லாத்தானே இருக்கீங்க? ஒன்னும் ஆகாதுன்னு நீங்க படிச்சிருக்கீங்க, நான் சுவத்துல தெனமும் பாக்கறேன். மூலையில அந்த மிஷினு பாட்டுக்கு எல்லாருக்கும்தானே வேகுது. எனக்கும் சேத்து வேகட்டும்."

சொல்லிவிட்டு வாயைத் திறந்துகொண்டாள். திறந்தபடியே கிடந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி ஆனது. ஒரு மணி ரெண்டு ஆனது. உதவியாளர் சாவிக்கொத்தைக் குலுக்கினார். அவள் வாயை மூடவில்லை.

டாக்டர் பெருமூச்சு விட்டார். கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். எல்லோருக்கும் போடுவதுபோலப் புதிதாக ஒரே ஒரு ஜோடி.

மரத்துப்போக ஊசி, சற்று நேரம், பிறகு ஓர் ஆட்டு, ஓர் இழுப்பு. இடுக்கி உள்ளே போனதிலிருந்து பல் தட்டில் விழுந்தது வரை நாலு நிமிஷம். கடிகாரம் எதிரேயே இருந்தது, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாய் நிறையப் பஞ்சோடு வெளியே வந்தவளிடம் உதவியாளர் ஒரு தாளை நீட்டினார். மையம் அச்சடித்த தாள்தான். சிகிச்சை பெற்றவர்கள் நிரப்ப வேண்டும். "பாகுபாடு இருந்துச்சா இல்லையான்னு ஒரு டிக்கு போடுங்க. பேச முடியலைன்னா நானே 'இல்லை'ன்னு போட்டுக்கறேன்." அவள் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினாள். இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு, தாளின் ஓரத்தில் ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் அந்தத் தாள் மற்ற தாள்களோடு மையத்துக்கு வந்து தசமத்தின் மேசையில் ஏறியது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"இதென்னம்மா, கட்டத்துல ஒன்னுமே இல்ல. ஓரத்துல 'எட்டு மாசம் காத்திருந்தேன், நாலு நிமிஷ வேலை'ன்னு எழுதியிருக்கு. கையெழுத்து உங்களுதுதானே? இத நான் எப்படி ஏத்தறது? நம்பர் எங்க?"

அவள் கன்னம் இன்னும் லேசாக வீங்கியிருந்தது. ஒரு மீட்டரைத் தாண்டி வந்து, அவர் பக்கத்தில் நின்று, அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

"அதான் சார் நம்பர்."